11 மாதம் காத்திருந்து போட்ட தட்டம்மை ரூபெல்லா ஊசி

எங்கள் மகளுக்கு ஒன்பது மாதம் நிறைந்ததும் போட வேண்டிய தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசியைப் பத்தொன்பது மாதம் நிறைந்த பிறகுதான் போட முடிந்தது. அஞ்சியோ மறந்தோ நாங்கள் தள்ளிப்போடவில்லை. அதற்கு மருத்துவக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் எங்களுக்குத் தெரியவந்ததே செவிலியர் ஒருவர் கேட்ட ஒரு கேள்வியால்தான்.

ஏற்காட்டில் நாகலூர் செல்லும் சாலையில் எங்கள் வீடு. மகளுக்கு எட்டு மாதம் நிறைந்த சமயத்தில் ஐந்து நாளாகக் காய்ச்சல் இறங்கவே இல்லை. கண்கள் சிவந்து, உதடு வெடித்து, கை கால்கள் வீங்கிவிட்டன. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். கவாசாகி நோய் என்றார்கள். இதயத்தின் ரத்தக்குழாய்களைப் பாதிக்கக்கூடிய நோய் என்பதால், இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் ரத்தநாளம் வழியே ஏற்றினார்கள். காய்ச்சல் விட்டது, எக்கோ பரிசோதனையிலும் குறை எதுவும் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயர் இருந்தது. ஆனால் அடுத்த மாதமே வரவிருந்த தடுப்பூசியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. எவரும் வாய்விட்டும் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒன்பதாவது மாதம் முடிந்ததும், ஒரு புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துக்குப் போனோம். அட்டையைப் புரட்டிப் பார்த்த கிராம சுகாதார செவிலியர், “பாப்பாவை இடையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்களாம்மா? ரத்தமோ வேறு ஏதாவதோ ஏற்றினார்களா?” என்று கேட்டார். நான் பையிலிருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு மருத்துவ அலுவலரைத் தொலைபேசியில் அழைத்தார். பிறகு ஊசி போடாமலே எங்களை அவரிடம் அனுப்பினார்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இம்யூனோகுளோபுலின் என்பது ரத்த தானம் செய்த ஆயிரக்கணக்கானோரின் எதிர்ப்புப் புரதங்களைத் திரட்டிச் செய்த மருந்து. தட்டம்மை ரூபெல்லா ஊசியிலோ, பொன்னுக்குவீங்கியையும் சேர்த்த எம்எம்ஆர் ஊசியிலோ இருப்பவை வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரஸ்கள். அவை உடலில் சிறிது பெருகினால்தான் குழந்தையின் உடல் எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும். கடன் வாங்கிய எதிர்ப்புப் புரதங்கள் அதற்கு முன்பே அவற்றை அழித்துவிடும். ஊசியால் குழந்தைக்குக் கேடு வராது, பயன்தான் இருக்காது. பயனில்லாத ஊசியை நம்பிப் பெற்றோர் நிம்மதியாக இருப்பதுதான் ஆபத்து என்றார். அவள் பெற்ற அளவுக்கு 11 மாத இடைவெளி வேண்டும். சின்னம்மை ஊசிக்கும் இதே கணக்குதான். இடையில் ஊரில் தட்டம்மை பரவினால் உடனே வரச் சொன்னார். அப்போது முன்கூட்டியே ஒரு ஊசி போட்டுவிட்டு, இம்யூனோகுளோபுலின் ஏற்றி 11 மாதம் ஆன பிறகு மறுபடியும் போடுவார்களாம்.

காத்திருந்த மாதங்கள்தான் கடினமாக இருந்தன. தட்டம்மைக் கிருமி, நோயாளி வெளியேறிய பிறகும் இரண்டு மணி நேரம் வரை அறைக்காற்றில் தங்கக்கூடியது. ஆகவே அவளைச் சுற்றியிருப்பவர்களை முதலில் சரிபார்த்தோம். நாத்தனாரின் மூத்த பையனுக்கு 2017 பிப்ரவரியில் தொடங்கிய முகாமில் ஊசி போட்டிருந்தது. இளையவனுக்கு இரண்டாம் தவணை விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்து உடனே போட வைத்தோம்.

நாள் வந்ததும் அதே செவிலியரிடம் போனோம். ஐஸ் பைகள் வைத்த கேரியரிலிருந்து குப்பியை எடுத்து, மூடியில், வெப்பம் பட்டால் நிறம் மாறும் குறியீட்டின் உள்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிறியிருப்பதை எனக்குக் காட்டினார். அதே நிறுவனத்தின் கரைப்பான் நீரைச் சேர்த்துக் கலக்கி, திறந்த நேரத்தை லேபிளில் எழுதினார். இம்மருந்தில் பதனப்பொருள் இல்லாததால் கலக்கிய பிறகு கிருமி வளர இடமுண்டு. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரு சொட்டு மிஞ்சினாலும் பயன்படுத்தக் கூடாது. ஒருமுறைக்கு மேல் இழுக்க முடியாத சிரிஞ்சில் அரை மில்லி எடுத்து, வலது மேற்கையில் தோலுக்கு அடியில் போட்டார். பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்தார். கடும் ஒவ்வாமை மிக அரிது. வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வந்துவிடும்.

எட்டாம் நாள் இரவு காய்ச்சல் வந்தது, மறுநாள் மார்பில் லேசான தடிப்பு. என் மாமியார் வேப்பிலை எடுத்து வந்து தலைமாட்டில் வைத்தார். அவருடைய அன்பை நான் தடுக்கவில்லை. எனக்கோ கவாசாகி திரும்பிவிட்டதோ என்ற நடுக்கம். ஏழிலிருந்து பன்னிரண்டு நாட்களுக்குள் இப்படி வரலாம், இது பிறருக்குத் தொற்றாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். கண்ணோ உதடோ சிவந்தால், வலிப்பு வந்தால், காய்ச்சல் நீடித்தால் தாமதிக்காமல் வரவேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருந்தார். எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டும் கொடுத்து, இரவெல்லாம் விளக்கைப் போட்டு அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. எழுந்து தோசை கேட்டாள்.

இப்போது அவளுடைய தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்தில், இம்யூனோகுளோபுலின் ஏற்றிய தேதியும் அளவும் சிவப்பு மையில் இருக்கின்றன. நான் கேட்டுக்கொண்டதன் பேரில் மருத்துவரே எழுதிக் கையெழுத்திட்டார். நான்கு வாரம் கழித்து இரண்டாம் தவணையும் போட்டாகிவிட்டது.