கிணற்றுச் சாவும் பிரேதப் பரிசோதனையும்

எங்கள் தாய்மாமாவைத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தூக்கியபோது பின்தலையில் காயம் இருந்தது. பங்காளியோடு வரப்புத் தகராறு நடந்துகொண்டிருந்த சமயம். அடித்துப் போட்டுவிட்டார்கள் என்று ஊரே பேசியது.

அத்தை புகார் கொடுத்தார். போலீசார் சந்தேக மரணம் என்று பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-வது பிரிவில் வழக்குப் பதிந்தார்கள். 2024 ஜூலைக்கு முன்பு இதுதான் பழைய நடைமுறைச் சட்டமான சிஆர்பிசியின் 174-வது பிரிவு. பஞ்சாயத்தார் முன்னிலையில் விசாரணை முடிய இருட்டிவிட்டது. 2021 முதல் இரவிலும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம் என்றாலும், கொலைச் சந்தேகம் இருந்தால் பொதுவாக விடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். மார்ச்சுவரி வாசலில் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் தடயவியல் மருத்துவர் என்னைக் கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார். அந்த மனிதரை நான் மறக்கவே மாட்டேன். காயத்தைச் சுற்றித் தசைக்குள் ரத்தம் கசிந்து உறைந்திருந்தது. அதனால் உயிர் இருக்கும்போது பட்ட அடி. சரி, அப்படியானால் கொலைதானே என்றேன். “அவசரப்படாதீங்க தம்பி, தண்ணிக்குள்ள போனப்பவும் உயிர் இருந்திருக்கு” என்றார். மூக்கிலும் வாயிலும் நுண்ணிய நுரை, உப்பிய நுரையீரல், இறுகிய கைக்குள் பாசி. செத்த உடலைத் தண்ணீரில் போட்டால் கை இப்படிப் பாசியைப் பற்றாது. விரல் தோல் சுருங்குவது மட்டும் தண்ணீரில் கிடக்கும் எந்த உடலுக்கும், செத்த உடலுக்கும்கூட நடக்குமாம்.

நெஞ்செலும்பு மஜ்ஜையும் கிணற்றுத் தண்ணீரும் டயாட்டம் சோதனைக்குப் போயின. டயாட்டம் என்பது கண்ணுக்குத் தெரியாத, மணல்சத்து ஓடுள்ள பாசி. மூச்சோடு நுரையீரலுக்குள் போய், இதயம் துடித்தால்தான் ரத்தத்தின் வழியாக மஜ்ஜை வரை சேரும். ஆனால் கிடைக்கவில்லை என்பதற்காக மூழ்கிச் சாகவில்லை என்று சொல்லிவிட முடியாது. விஷமோ மதுவோ உண்டா என்று பார்க்க இரைப்பை, கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளும் ரத்தமும் ஆய்வகத்துக்குப் போயின. அந்த அறிக்கைகள் வரும்வரை இறுதிக் கருத்து கிடையாது. அந்தக் காத்திருப்புதான் கொடுமை. உடலை எரிக்காமல் புதைத்தோம். தேவைப்பட்டால் தோண்டி மறுபடி பார்க்கலாமே.

விஷம் இல்லை, மஜ்ஜையில் அதே கிணற்று டயாட்டம். மூழ்கியதால் மரணம் என்று முடிவு வந்தது. தள்ளினார்களா, வழுக்கினாரா என்று உடல் சொல்லாது என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. அதற்கு விடை இடத்தில் கிடைத்தது: பாசி படிந்த கல்படியில் ஒரே சறுக்கல் தடம், கீழ்ப்படி விளிம்பில் ரத்தமும் முடியும். காயத்தின் வடிவம் அந்த விளிம்போடு பொருந்தியது. அந்த நேரத்தில் பங்காளி வெளியூரில் இருந்ததையும் போலீசார் உறுதி செய்தார்கள். வழக்கு விபத்து என்று முடிந்தது. அத்தையே பங்காளி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்.