குழாய் போடும் முன்பே பேச வேண்டியது

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். தொண்டை வழியாகக் குழாய் விட்டு மூச்சுவிடவைக்கும் வென்டிலேட்டர் போடக் கையெழுத்து வாங்குவது சில நிமிட வேலை. எந்த நிலையில் அதை நிறுத்தலாம் என்ற பேச்சு மட்டும் நாள்கணக்கில் தள்ளிப்போகிறது. சிலர் விஷயத்தில் கடைசிவரை நடப்பதே இல்லை.

நிமோனியா போன்ற குணமாகக்கூடிய நோய் என்றால் தயங்க வேண்டியதில்லை. நுரையீரல் தேறியதும் குழாயை எடுத்துவிடுவோம். ஆனால் உடம்பெல்லாம் புற்றுநோய் பரவியவரையும், இதயமும் சிறுநீரகமும் சேர்ந்தே ஓய்ந்துவிட்ட முதியவரையும் அதே இயந்திரம் எதற்காகப் பிடித்துவைத்திருக்கிறது என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் கேட்டுக்கொள்கிறேன். தொண்டையில் குழாய் இருப்பதால் பேச முடியாது. பிடுங்கிவிடக்கூடாது என்று கைகளைக் கட்டிவைக்கிறோம். சளியை உறிஞ்சும்போது உடம்பு தூக்கிப்போடும். நெஞ்சை அழுத்தி உயிரை மீட்கப் பார்க்கையில் வயதானவர்களுக்கு விலா எலும்பு முறிவது சாதாரணம். என் உள்ளங்கைக்கடியில் அது முறிந்திருக்கிறது. பார்வை நேரத்தில் மட்டும் வந்துபோகும் பிள்ளைகளுக்கு இதில் பாதிகூடத் தெரிவதில்லை.

"நிறுத்தச் சொன்னா அப்பாவை நாங்களே கொன்ன மாதிரி ஆயிடாதா சிஸ்டர்?" என்று ஒரு மகன் கேட்டார். தொடங்காமல் விடுவதும் தொடங்கியதை நிறுத்துவதும் ஒன்றுதான் என்கிறது மருத்துவ அறம். படுக்கையருகே நிற்கும் எனக்கே அப்படித் தோன்றுவதில்லை. பெற்ற பிள்ளைக்கு எப்படித் தோன்றும்?

அதனால்தான் எங்கள் மருத்துவர் ஒருவர் செய்வது எனக்குச் சரியாகப் படுகிறது. குழாய் போடும் முன்பே உட்கார்ந்து சொல்லிவிடுவார்: "மூணு நாள் பார்ப்போம். பிரஷரை ஏத்துற மருந்தைக் குறைக்க முடியுதா, யூரின் போகுதா, கண் திறக்கிறாரான்னு பார்ப்போம். எதுவும் தேறலேன்னா, வலியும் மூச்சுத்திணறலும் இல்லாம வச்சுக்கிறதுதான் அப்புறம் சிகிச்சை." மூன்றாம் நாள் அந்தப் பேச்சு இடியாக விழுவதில்லை. அதற்குள் தூரத்து மகளும் வந்து சேர்ந்திருப்பாள்.

வலி தணிப்பு என்றதும் "கைவிட்டுட்டாங்க" என்கிறார்கள். சரியான அளவில் கொடுக்கும் மார்ஃபின் சாவைத் துரிதப்படுத்துவதில்லை. அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே வலி தணிப்புச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப்பேர் 11.6 மாதத்துக்கு மேல் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 8.9 மாதத்துக்கு மேல். கடைசிக் காலத்தில் கடும் சிகிச்சைகளும் முதல் பிரிவினருக்குக் குறைவாகவே நடந்தன.

எங்கள் சம்மதப் படிவத்தில் 'எதைப் பார்த்து நிறுத்துவோம்' என்று எழுத ஒரு வரி இடம் கேட்டிருக்கிறேன். நோயாளி பேசும் நிலையில் இருந்தால் அதை அவரிடமே கேட்டு எழுத வேண்டும் என்றும்.