14 மீட்டர் சாலைக்கு 10 விநாடி பச்சை

எங்கள் பள்ளிக்கூடச் சாலைக்கு நல்ல நடைபாதை, வாசலுக்கு நேரே மேடாக்கிய கடவை (நடப்பவர்கள் சாலையைக் கடக்கும் இடம்), சந்திப்பில் நடந்து கடப்பவர்களுக்குக் கூடுதல் பச்சை சிக்னல் நேரம். இந்த மூன்றையும் கேட்டு அலைந்த வேலை ஒருவழியாகக் கிட்டத்தட்ட முடிந்திருக்கிறது. நிம்மதிதான். ஆனாலும் நடுவில் பட்டதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பாதி அலைச்சலாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மனு எழுதுவதும் கையெழுத்து வாங்குவதும் சுலபம். பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் நின்றால் பெற்றோர்களே தேடி வந்து போடுவார்கள்.

கொடுக்கப் போனபோதுதான் சிக்கல். மாநகராட்சி அலுவலக எழுத்தர் முதல் பத்தியைக்கூடப் படிக்கவில்லை. "இது நெடுஞ்சாலைத் துறை ரோடு, அங்கே போங்க" என்று தாளைத் தள்ளிவிட்டார். அங்கே போனால், "தார் மட்டும்தாங்க எங்களுது. பிளாட்பாரம் அவங்க, சிக்னல் போலீஸ்" என்றார்கள். ஒரு நாள் வேலை போச்சு, மனு எங்கேயும் பதிவாகவில்லை. அதனால் மனு எழுதும் முன்பே தார்ப்பரப்பு, நடைபாதை, வடிகால், மின்கம்பம், சிக்னல் ஒவ்வொன்றும் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஒரே மனுவில் எல்லாத் துறைக்கும் நகல் போடுங்கள். முத்திரை, தேதி, எண் மூன்றும் உள்ள ஒப்புகை கையில் வரும்வரை அந்த மேசையை விட்டு நகராதீர்கள்.

அடுத்து உதவிப் பொறியாளர் கேட்ட கேள்வி என்னை உலுக்கிவிட்டது. "இங்கே எத்தனை பேர் செத்திருக்காங்க? புள்ளிவிவரம் இருக்கா?" யாராவது செத்த பிறகுதான் நடைபாதை வருமா? ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-இல் ஏற்றுக்கொண்ட கொள்கை இதற்கு நேர் எதிரானது. மனிதர் தவறு செய்யத்தான் செய்வார், அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையைக் கட்டுவது கட்டுகிறவர்களின் பொறுப்பு என்பது அதன் சாரம். நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து போகிற இடங்களில் வேகம் 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனமும் சொல்கிறது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னோம். தலையாட்டினாரே தவிர கோப்பு அசையவில்லை.

அசைத்தது ஒரு டேப்பும் கைப்பேசி ஸ்டாப்வாட்ச்சும்தான். சாலை அகலம் 14 மீட்டர். நடப்பவர்களுக்கான பச்சை 10 விநாடி. சிக்னல் கணக்கில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நடை வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர். அந்த வேகத்தில் போனாலே 12 மீட்டரில் பச்சை அணைந்துவிடும். எங்கள் தெருப் பாட்டி ஒருவரின் நடையை அளந்தோம், விநாடிக்கு 0.8 மீட்டர் வந்தது. அவர் சாலையின் பாதியைத் தாண்டி ஒரு மீட்டர் வைப்பதற்குள் சிவப்பு. அவருக்கு 17.5 விநாடி வேண்டும். இதை ஒரே தாளில் எழுதி, பாட்டி நடுச்சாலையில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிற படத்தையும் வைத்துக் கொடுத்தோம். பொறியாளர் முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க" என்றார்.

அப்புறம் வரைபடம் இல்லை என்று கோப்பு திரும்பியது. கட்டட வரைபடம் போடுகிற தோழி ஒருத்தி போட்டுக் கொடுத்தாள். சரி, அது தீர்ந்தது.

அந்த மூன்றோடு, சந்திப்பில் வண்டிகள் திரும்பும் மூலை வளைவையும் சுருக்க வேண்டும் என்றதற்குத்தான் பெரிய எதிர்ப்பு. வளைவு அகலமாக இருந்தால் வண்டி வேகம் குறையாமல் திரும்பும். சுருக்கினால் வேகமும் குறையும், கடக்கிற தூரமும் குறையும். "பஸ் திரும்பாது" என்று ஒரே பிடிவாதம். வாதாடிப் பிரயோஜனம் இல்லை, செய்து காட்டத்தான் வேண்டும். நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கத்தில் 2009-இல் பிராட்வே சாலையில் வண்டிகள் போகாமல் தடுத்ததே முதலில் சோதனையாகத்தான். அதைச் சொல்லி, ஒரு விடுமுறை நாளில் கூம்புகளும் சுண்ணாம்புக் கோடும் வைத்துப் பார்க்க அனுமதி வாங்கினோம். பஸ் ஒரு கூம்பைக்கூடத் தொடாமல் திரும்பியது. ஓட்டுநரே கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு எங்களுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அனுமதி வந்துவிட்டது, இனி கவலையில்லை என்று மட்டும் யாரும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். எல்லாவற்றையும்விட மோசமான கட்டம் அதற்குப் பிறகுதான். வரைபடத்தில் இருப்பது ஒன்று, தரையில் வருவது வேறு.

சந்திப்பில் நடைபாதையிலிருந்து கடவைக்கு இறங்கும் சாய்தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தைப் போல 12 மடங்கு நீளம் வேண்டும், அதாவது 15 சென்டிமீட்டர் விளிம்புக்கு 1.8 மீட்டர். ஒப்பந்ததாரர் ஆட்கள் 60 சென்டிமீட்டரில் முடித்துவிட்டார்கள். அடியில் 3 சென்டிமீட்டர் படி வேறு. சக்கர நாற்காலியில் சாலையிலிருந்து ஏற வந்த நண்பரின் முன்சக்கரங்கள் அந்தப் படியில் இடித்து நின்றன, அவர் முன்னால் சாய்ந்துவிட்டார். நல்லவேளை, பக்கத்தில் பிடிக்க ஆள் இருந்தது. மேற்பார்வையாளர் அதைக் கண்ணால் பார்த்தபின் பேச்சே இல்லை, அன்றே உடைத்தார்கள்.

பார்வையற்றவர்களுக்கான புடைப்பு ஓடுகளில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. அந்த ஓடு ஜப்பானில் பிறந்தது, 1967-இல் ஒகயாமா நகரில் முதலில் பதித்தார்கள். இப்போது நீளக் கோடு இருந்தால் 'இப்படியே போ', புள்ளி இருந்தால் 'நில், கவனி' என்று பொருள். இங்கே கிடங்கில் புள்ளி ஓடுதான் இருந்ததாம், சாலை நெடுக அதையே பதித்துவிட்டார்கள். கோல் வைத்து நடந்து பார்த்த ஆசிரியர் ஒருவர், "அடிக்கு அடி என்னை நிற்கச் சொல்லுதே, எங்கே நிஜமாகவே நிற்கணும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே எழுதி, படத்தோடு கொடுத்த பிறகுதான் மாற்றினார்கள்.

வேலை நடக்கும்போது தினமும் யாராவது ஒருவர் டேப்போடு போய் நில்லுங்கள். சிமெண்ட் ஈரமாக இருக்கும்போது சொன்னால் கரண்டியால் சரிசெய்வார்கள், காய்ந்த பிறகு சொன்னால் இன்னொரு கோப்பு திறக்கும். ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தொகை வழங்கும் முன் கூட்டு ஆய்வு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். சக்கர நாற்காலியில் ஒருவர், கோலோடு ஒருவர், குழந்தை வண்டியோடு ஒருவர் கட்டாயம் அந்த ஆய்வில் இருக்கட்டும்.

இப்போது பச்சை 18 விநாடி. கடவையும் மேடாகிவிட்டது. நடைபாதை நடுவில் ஒரு மின்கம்பம் மட்டும் இன்னும் நிற்கிறது. அதைத் தாண்டும் இடத்தில் சக்கர நாற்காலி தாருக்கு இறங்கித்தான் ஏற வேண்டியிருக்கிறது. மின்துறைக்கு மனு போயிருக்கிறது, ஒப்புகை எண்ணும் வாங்கியாகிவிட்டது. வரும் திங்கட்கிழமை இடத்தைப் பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நண்பரும் அன்று நாற்காலியோடு வருகிறார்.