அந்தரங்கப் படம் பரவினால்: எஃப்.ஐ.ஆரோடு நின்றுவிட வேண்டாம்

ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தை அவள் சம்மதம் இல்லாமல் பரப்பிவிட்டால், எல்லோரும் சொல்வது சைபர் கிரைமில் புகார் கொடு என்பதுதான். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் படத்தை இறக்கவும், மறுபடி ஏறாமல் தடுக்கவும், இழப்பீடு வாங்கவும் குற்ற வழக்கு அல்லாத சிவில் வழிகள் தனியாக இருக்கின்றன. இதைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு யாரும் சொல்வதில்லை என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பதற்றத்தில் நடக்கும் முதல் தவறு, படத்தை நீக்க வைத்துவிட்டு ஆதாரம் இல்லாமல் நிற்பது. முழு லிங்க், பதிவேற்றிய கணக்கு, தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆவது பிரிவின்படி மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் வைக்க வேண்டும். அதன் 'ஏ' பகுதியில் ஆதாரத்தைத் தருபவரும் 'பி' பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற குறியீடு) அதில் இருக்க வேண்டும். 'பி' பகுதியை விட்டுவிட்டால் விசாரணையில் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். படத்தில் இருப்பவருக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் நகல் எடுக்கவே கூடாது. லிங்க்கை மட்டும் குறித்துக்கொண்டு நேராகப் போலீஸுக்குப் போங்கள்.

அடுத்து, படம் ஏறிய இணையத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார். 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின் 3(2)(பி) இந்த வகைப் படங்களுக்கானது. முன்பு 24 மணி நேரமாக இருந்த கெடு 2026 பிப்ரவரித் திருத்தத்தில் 2 மணி நேரமாகிவிட்டது. அதற்கு மேல் அவர்கள் இழுக்க முடியாது. புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். தளத்துக்கு விஷயம் தெரியும் என்பதற்கு வழக்கில் அதுவே சாட்சி.

இனி வழக்கு. கேட்க வேண்டியது தடையாணை. மனுவின் 'பரிகாரம்' பத்தியில்தான் பல வழக்குகள் பலவீனமாகின்றன. இருக்கும் லிங்க்குகளை மட்டும் பட்டியலிட்டால், நாளைக்குப் புது லிங்க் முளைக்கும், நீங்கள் மறுபடி நீதிமன்றப் படியேற வேண்டும். "இதே படம் எந்த வடிவில், எந்தத் தளத்தில் வந்தாலும்" என்று கேளுங்கள். கிளவுடில் இருப்பது உட்பட எல்லா நகல்களையும் ஒப்படைக்கவும், யார் யாருக்கு அனுப்பினார் என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்லவும் பரப்பியவருக்கு உத்தரவிடக் கேளுங்கள். பரப்பியவர் யாரென்று தெரியாவிட்டால் 'அசோக் குமார்' என்ற பெயரில் அடையாளம் தெரியாத பிரதிவாதியைச் சேர்க்கலாம். ஏற்கெனவே நீக்க உத்தரவான படத்துக்கு, பாதிக்கப்பட்டவரே திரும்பத் திரும்ப லிங்க் தர வேண்டும் என்று தேடுபொறிகள் வற்புறுத்தக் கூடாது என்று 2023 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அதை எதிர்த்து மேல்முறையீடு போயிருந்தாலும் வாதத்துக்கு உதவும்.

எதிர்த்தரப்புக்குச் சொல்லாமலே இடைக்காலத் தடை வாங்க சிவில் நடைமுறைச் சட்டம், கட்டளை 39, விதி 3 இடம் தருகிறது. ஆனால் உத்தரவு கிடைத்ததும் மனு, ஆவணங்களின் நகல்களை எதிர்த்தரப்புக்கு அனுப்பி, அன்றோ மறுநாளோ அதற்குப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். தவறினால் அதைக் காட்டியே தடையை நீக்கக் கேட்பார்கள். இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. படத்தை மனுவோடு இணைத்திருந்தால் அது எல்லாப் பிரதிவாதிகள் கைக்கும் போகும்! படத்தை முத்திரையிட்ட உறையில் நீதிபதிக்கு மட்டும் கொடுக்க அனுமதி வாங்குங்கள். பெயரை மறைக்கவும் முதல் நாளே தனி மனு போடுங்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆவது பிரிவின் அடையாளப் பாதுகாப்பு பாலியல் வன்புணர்வு சார்ந்த பிரிவுகளுக்குத்தான். சிவில் வழக்கில் அது தானாக வராது.

தடையை மீறினால் அதே கட்டளை 39-இன் விதி 2-ஏ: சொத்து ஜப்தி, 3 மாதம் வரை சிவில் சிறை.

சிவில் வழக்கு தவிர, அரசு நடவடிக்கை எடுக்க உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவும் உண்டு. 2025 ஜூலையில், ஒரு பெண் வழக்கறிஞரின் படங்களை 48 மணி நேரத்தில் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி ஒன்றிய அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இழப்பீட்டு வழக்கை அந்தரங்க உரிமை மீறல் என்று போடுங்கள். இந்த உரிமை மீறப்பட்டால் இழப்பீடு கேட்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1994-இல், ஆட்டோ சங்கரின் சுயசரிதை தொடர்பான வழக்கிலேயே ஏற்றுக்கொண்டது. அவதூறு என்று தலைப்பிட்டால் காலவரம்பு ஓராண்டுதான். 'அது உண்மையான படம்தானே' என்ற தற்காப்புக்கும் வாசல் திறந்துவிடுவீர்கள். அந்தரங்க உரிமை மீறல் என்று போட்டால் காலவரம்பு 3 ஆண்டு கிடைக்கும். போனிலிருந்தோ கணினியிலிருந்தோ படத்தைத் திருடியிருந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 46-ஆவது பிரிவின்கீழ் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் 5 கோடி ரூபாய் வரை கேட்கலாம். நீங்களே நம்பி அனுப்பிய படத்துக்கு அந்த வழி பெரும்பாலும் ஒத்துவராது.

பரப்பியவர் கணவரோ, முன்னாள் கணவரோ, மணவாழ்க்கை போலச் சேர்ந்து வாழ்ந்தவரோ என்றால் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை முதலில் பாருங்கள். நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். 18-ஆவது பிரிவில் பாதுகாப்பு உத்தரவும், 22-இல் மன உளைச்சலுக்கு இழப்பீடும் கிடைக்கும். செலவுக்குப் பயந்து எந்த வழக்கையும் கைவிடாதீர்கள். பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.