எந்த டௌ?

டௌ (tau) என்பது நியூரான்களுக்குள் இருக்கும் நுண்குழல்களைப் பிடித்துக்கொள்ளும் புரதம். லேப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதன் வெஸ்டர்ன் ப்ளாட்டை (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) தூக்கிக்கொண்டு வருவார்கள். "அக்கா, டௌவுக்கு ஒரு பேண்ட்தானே வரணும்? இங்க ஒரே ஸ்மியரா இருக்கே!" மனித மூளைத் திசு என்றால் அப்படித்தான் இருக்கும். பாஸ்பேட்டேஸ் என்ற நொதியைப் போட்டு, புரதத்தில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டுகளைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டச் சொல்வேன். அப்போது ஆறு கோடுகள் பிரிந்து தெரியும்.

ஆறும் ஒரே மரபணுவிலிருந்து வருபவை. 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது அது. அதன் ஆர்என்ஏவைத் தைக்கும்போது எக்சான் 2, 3, 10 ஆகிய துண்டுகளைச் செல் சேர்க்கலாம், விட்டுவிடலாம். 2 இல்லாமல் 3 வராது. அதனால் புரதத்தின் முன்பக்கத்துக்கு மூன்று வழி. 10 இருந்தால் நுண்குழலைப் பிடிக்கும் பகுதி, அதாவது 'பிடி', நான்கு, இல்லாவிட்டால் மூன்று. மொத்தம் ஆறு வடிவம், 352 முதல் 441 அமினோ அமிலம் வரை. (ஜெல்லில் தெரியும் எடையை நம்பாதீர்கள். 46 கிலோடால்டன் டௌ 67-க்குப் பக்கத்தில் போய் நிற்கும்.)

கருவின் மூளையில் மிகச் சிறிய வடிவம் மட்டும்தான். வளர்ந்தவர்களின் மூளையில் மூன்று பிடி டௌவும் நான்கு பிடி டௌவும் ஏறக்குறைய பாதிப் பாதி. கை கால்களுக்குப் போகும் நரம்புகளில் எக்சான் 4ஏ சேர்ந்த 'பெரிய டௌ' வேறு உண்டு.

என்னை அசர வைத்தது அந்தப் பாதிப் பாதிக் கணக்குதான். குடும்பத்தில் தொடர்ந்து வரும் ஒரு வகை மறதி நோய்க்கு இந்த மரபணுவில் உள்ள மாற்றங்களே காரணம் என்று 1998-இல் தெரிந்தது. அவற்றில் சில, புரதத்தில் ஓர் அமினோ அமிலத்தைக்கூடத் தொடுவதில்லை. எக்சான் 10-ஐ ஒட்டி, தைக்கும்போது வெட்டி எறியப்படும் இன்ட்ரான் பகுதியில் ஓர் எழுத்து மாறுகிறது, நான்கு பிடி கொண்ட டௌ கூடிப்போகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு மூலக்கூறும் பழுதில்லாதது. விகிதம் மட்டும் தப்பு. நியூரான்கள் சாக அதுவே போதும்! புரதம் கெட்டால்தான் நோய் என்று படித்துவிட்டு வந்த எனக்கு இது ஜீரணமாக நாளாயிற்று.

டௌ இழைகளாகச் சேரும் மூளை நோய்கள் பல. பிக் நோயில் சேர்வது மூன்று பிடி டௌ. பிஎஸ்பி நோயில் நான்கு. ஆல்சைமரில் ஆறும் சேரும். சரி, வடிவத்தைத் தெரிந்துகொண்டால் நோயைச் சொல்லிவிடலாமா என்றால், அதுவும் இல்லை. தலையில் திரும்பத் திரும்ப அடிபட்ட குத்துச்சண்டை வீரர்களுக்கு வரும் சிடிஇ நோயிலும் ஆறும்தான் சேர்கின்றன; ஆனால் இழைக்குள் அவை மடிந்திருக்கும் விதம் வேறு. கேம்பிரிட்ஜில் ஷெரஸ், கோடர்ட் குழுவினர் 2017-இல் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆல்சைமர் இழையைப் பார்த்தார்கள். சிடிஇ இழை 2019-இல் வந்தது.

மூன்று பிடிக்கு ஆர்டி3, நான்கு பிடிக்கு ஆர்டி4 என்று தனித்தனி ஆன்டிபாடி உண்டு. எங்களிடமும் இரண்டும் இருக்கின்றன. ஆனால் ஜெல்லில் ஏற்றும் முன் எஸ்டிஎஸ் என்ற டிடர்ஜெண்ட் சேர்த்துக் கொதிக்க வைக்கும்போதே மடிப்பெல்லாம் குலைந்துவிடுகிறது. அதனால் ஆல்சைமரா சிடிஇயா என்று என் ப்ளாட்டைக் காட்டிக் கேட்காதீர்கள்.