டிஸ்சார்ஜ் சம்மரியில் விடுபட்ட கால்சியம்

அப்பா பல வருடமாக டயாலிசிஸில் இருக்கிறார். பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரை, கால்சிட்ரியால், அப்புறம் சினகால்செட் எல்லாம் கொடுத்தும் பிடிஎச் (கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோன், எலும்பிலிருந்து கால்சியத்தை ரத்தத்துக்கு இழுப்பது) 1,900-ஐத் தாண்டிவிட்டது. சாதாரணமாக 65-க்குள் இருக்கும். டயாலிசிஸ்காரர்களுக்கு அதைப் போல 9 மடங்கு வரை பொறுத்துக்கொள்வார்கள். எலும்பு வலியில் அவருக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. பாராதைராய்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான்கு சுரப்பிகளையும் எடுத்துவிட்டு, ஒரு சிறு துண்டை மட்டும் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடும் ரத்தக்குழாய் இணைப்பு) இல்லாத வலது முன்கையில் பதித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் தவித்துப்போனோம். பிடிஎச் சட்டென்று இறங்கியதும், இத்தனை காலம் கால்சியத்தை இழந்த எலும்பு ரத்தத்தில் இருப்பதையெல்லாம் உறிஞ்சத் தொடங்கும். ‘ஹங்கரி போன்’ என்கிறார்கள். எலும்பின் பாதிப்பைக் காட்டும் அல்கலைன் பாஸ்படேஸ் முன்பே அதிகமாக இருந்தவர்களுக்கு இது கடுமையாக வரும், அப்பாவுக்கு அதிகம்தான். வார்டில் இருந்தவரை அடிக்கடி கால்சியம் பார்த்து, டிரிப்பில் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைப் பட்டியல் மட்டும்தான். டயாலிசிஸ் திரவத்தில் கால்சியத்தைக் கூட்ட வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

ஊரில் டயாலிசிஸ் டெக்னீஷியனிடம் கேட்டேன். “டாக்டர் எழுதாம நான் எப்படிக்கா மாத்துறது?” என்றார். கால்சியம் 2.5 உள்ள வழக்கமான திரவம்தான் ஓடியது. அன்று இரவே உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல்கள் இழுத்துக்கொண்டன. எமர்ஜென்சியில் பார்த்தால் ரத்தத்தில் கால்சியம் 6.4-க்கு இறங்கியிருந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் அப்பா இந்த அவஸ்தையைப் பட்டிருக்க வேண்டாம். நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மறுநாள் நெஃப்ராலஜிஸ்ட்டிடம் ‘கால்சியம் 3.5’ என்று லெட்டர்பேடில் எழுதி வாங்கிய பிறகே விட்டேன். சென்டரில் அப்பாவுக்கென்று தனியாக பார்ட் ஏ கேன் (டயாலிசிஸ் திரவத்துக்கான, கால்சியம் கலந்த கரைசல்) வரவழைத்தார்கள். டிஸ்சார்ஜுக்கு முன்பே இதை எழுதி வாங்கிவிடுங்கள். கேன் இருக்கிறதா என்று சென்டருக்கும் போன் செய்துவிடுங்கள்.

மருந்துக்கடைக் கவரில் கால்சியம் மாத்திரைக்கு ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதியிருந்தார்கள். சாப்பாட்டிலிருக்கும் பாஸ்பரஸைப் பிடிக்கத்தான் சாப்பாட்டோடு போட வேண்டும். இப்போது கால்சியம் உடம்பில் சேர வேண்டுமே! இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் கொடுக்கச் சொன்னார் டாக்டர்.

இன்னொன்று. இனி பிடிஎச் பார்க்க, சுரப்பி பதித்த கையில் ரத்தம் எடுக்க விடாதீர்கள், அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். டயாலிசிஸுக்கு ஊசி போட்டதும், மெஷினில் இணைக்கும் முன் அந்த ஊசியிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள்.