‘நேஷனாலிட்டி’ என்ற கட்டத்தில் எதை நிரப்புவது?

புழல் காவாங்கரையில், ஜி.என்.டி. சாலையை ஒட்டி, ஒரு மருந்துக் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே எட்டடி அகல இடத்தில் பதினொரு ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட் எடுப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, கைரேகை வைத்து வங்கிப் பணம் எடுத்துக் கொடுப்பது ஆகியவையே என் பிழைப்பு. நடந்துபோகும் தொலைவில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பதால், என் கடைக்கு வருபவர்களில் கணிசமானோர் அங்கிருந்து வருகிறவர்கள்.

சென்ற மாதம் ஒரு பெண் வேலைக்கு விண்ணப்பிக்க வந்தார். ஸ்டான்லி மருத்துவமனையில் 2003-இல் பிறந்தவர், பி.காம். முடித்தவர், மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் வங்கிக் கணக்கும் வைத்திருப்பவர். பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் நிரப்பி முடித்து ‘நேஷனாலிட்டி’ என்ற கட்டத்துக்கு வந்தோம். அதில் ‘இந்தியன்’, ‘அதர்ஸ்’ என்று இரண்டே தேர்வுகள் இருந்தன. ‘அதர்ஸ்’ என்பதை அழுத்தியதும் கீழே புதிதாக இரண்டு கட்டங்கள் முளைத்தன: பாஸ்போர்ட் எண், விசா எண். இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், அதாவது நிரப்பாமல் நகர முடியாது. “விட்டுடுங்கண்ணா, பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவர் பிரிண்ட் எடுத்த தாள்களுக்கான காசை எண்ணத் தொடங்கினார். கடையில் ‘ஆமாண்ணா’ என்று பேசுபவர், அம்மாவின் போன் வந்தால் ஈழத் தமிழில் ‘ஓம் அம்மா’ என்கிறார். பிறந்ததும் வளர்ந்ததும் வடசென்னையில் என்றாலும், அந்தக் கட்டத்தில் அவர் ‘அதர்ஸ்’தான்.

முகாமில் இருப்பவர் வேலை செய்யக் கூடாது என்று நேரடியாகத் தடுக்கும் ஒரு வரியை நான் படித்த சட்டங்களில் பார்த்ததில்லை. அவர்களை வேலையிலிருந்து தள்ளிவைப்பது அப்படிப்பட்ட தடை இல்லை, மற்றச் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கும் நிபந்தனைகள்தாம். நம் அரசியலமைப்பில் 14, 21 ஆகிய பிரிவுகள் ‘எந்த நபருக்கும்’ என்று பேசுகின்றன. அருணாசலப் பிரதேசத்தில் வாழ்ந்த சக்மா அகதிகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமும், குடிமக்கள் அல்லாதவருடைய உயிரையும் அரசு காக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அரசு வேலையில் சம வாய்ப்பைத் தரும் 16-ஆம் பிரிவும், விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமையைத் தரும் 19(1)(ஜி) பிரிவும் ‘குடிமக்கள்’ என்றுதான் பேசுகின்றன. உயிரோடிருக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு, அந்த உயிரை வளர்க்கும் தொழிலைத் தேர்ந்துகொள்ளும் உரிமை சிலருக்கு மட்டும் என்று ஆகிவிடுகிறது.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கூலி வேலை, சொந்தத் தொழில், படித்த தொழில் ஆகியவற்றுக்கெனத் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. ஆகவே இங்கு ‘அகதி’ என்ற சொல் பேச்சில் உண்டு, சட்டத்தில் இல்லை. சட்டத்தில் இருப்பது ‘வெளிநாட்டவர்’ என்ற சொல்லும், 2003-இல் திருத்தப்பட்டு 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டத்தில் சேர்ந்த ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல்லும்தான். பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர் அந்த வகையில் சேர்வார். சேர்ந்தபின் எத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தாலும் பதிவு மூலமோ இயல்புரிமை மூலமோ குடியுரிமை கேட்க முடியாது. குண்டுவீச்சுக்கு நடுவே படகேறியவர்கள் எந்த அலுவலகத்தில் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

பிள்ளைகளின் கணக்கு இன்னும் சிக்கலானது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 3 வரை பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். அதற்கும் பிறகு பிறந்தவருக்கு, ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. ஆகவே முகாம் பெண்ணை முறைப்படி மணந்த செங்குன்றத்துக்காரர் ஒருவரின் பத்து வயது மகனுக்கும் இந்தச் சட்டப்படி குடியுரிமை கேள்விக்குறிதான். இதில் எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை: சட்டவிரோதக் குடியேறி என்பவர் ‘இந்தியாவுக்குள் நுழைந்த’ வெளிநாட்டவர் என்கிறது அந்த விளக்கம், ஸ்டான்லியில் பிறந்த குழந்தை எந்த எல்லை வழியாக நுழைந்தது?

1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், முதல் வகையில் வருபவராக இருந்தும் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்ட பிறகுதான் அதைப் பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் அளித்தார். அந்தச் செய்தி வந்த நாளில், ஒருவர் மாற்றி ஒருவர் பிறந்த தேதியைச் சொல்லி “நமக்கு வருமா தம்பி” என்று என்னிடம் கேட்டார்கள். வந்தவர்களில் ஒருவரும் 1987-க்கு முன் இங்கே பிறந்தவர் இல்லை.

வெளிநாட்டவர் இங்கே முறைப்படி வேலை பார்க்க வேலைவாய்ப்பு விசா என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. அது பன்னாட்டு நிறுவனத்தின் மேலாளரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, பி.காம். படித்த முகாம் பெண்ணை வைத்து எழுதப்பட்டதில்லை. சட்டம் படித்தாலும் வழக்கறிஞராகப் பதிவுசெய்ய வழியில்லை. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் இந்தியக் குடிமகனாக இருப்பதை முதல் தகுதியாக வைக்கிறது. அரசு வேலை கிடையாது. பாஸ்போர்ட் இல்லாததால், வடசென்னைப் பையன்கள் சாதாரணமாகப் போகும் துபாய், குவைத் வேலைகளும் கிடையாது. மிஞ்சுவது தனியார் வேலை. அங்கே சட்டத்தைவிடச் சட்டத்தைப் பற்றிய பயம் பெரிது. மனிதவளப் பிரிவில் இருப்பவருக்கு முகாம் அடையாள அட்டை என்னவென்றே தெரியாது; தெரியாத அட்டையை வைத்து ஏன் வம்பு என்று அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

இதனால்தான் முகாம் ஆண்களில் பெரும்பாலோர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள். முந்தைய நாள் இரவு மேஸ்திரியிடமிருந்து ஒரு போன் வந்தால் போதும், யாரும் எந்தக் காகிதமும் கேட்பதில்லை. கூலி அன்றைக்கே கையில் கிடைக்கும். முகாமில் குறிப்பிட்ட நாட்களில் அதிகாரிகள் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நடக்கும். அன்று இல்லாவிட்டால் உதவித்தொகை நிற்கும், தொடர்ந்து இல்லாவிட்டால் பதிவையே வெட்டிவிடுவார்கள் என்ற அச்சமும் உண்டு. ஆகவே அன்று வேலைக்குப் போகாமல் இருந்துவிடக்கூடிய தொழிலாகவும் அது இருக்க வேண்டும். மாதச் சம்பள வேலையில் அப்படி அடிக்கடி விடுப்புக் கேட்க முடியுமா?

அந்தப் பெண்ணின் தந்தை இருபத்தைந்து ஆண்டுகளாகப் பெயிண்டர். உதவித்தொகையை எடுக்க ஒருநாள் என் கடைக்கு வந்து கைரேகை வைத்தார், இயந்திரம் ஏற்கவில்லை. விரலைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, வேறு விரல் மாற்றி வைத்துப் பார்த்தோம், நான்கு முறையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. சுவருக்குப் பட்டி பார்த்து, காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, விரல் நுனியில் ரேகையே வழவழவென்று தேய்ந்திருந்தது. நகக்கண்களில் பட்டியின் வெள்ளை அப்படியே தங்கியிருந்தது. தன்னை இன்னார் என்று காட்ட அவரிடம் இருந்த ஒரு சான்றையும் அந்த வேலையே அழித்துவிட்டதே என்று நினைத்தேன், சொல்லவில்லை. அவர் கால்சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, “ஒரு கிழமை வேலைக்குப் போகாட்டித் திரும்பி வந்திடும் தம்பி” என்றார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொளத்தூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை முடிந்ததும், அவருக்கும் இன்னும் மூவருக்கும் தர வேண்டிய பதினெட்டு நாள் கூலியைத் தராமல் கான்ட்ராக்டர் போனை அணைத்துவிட்டார். கூலி பற்றிய சட்டங்கள் உழைத்தவன் எந்த நாட்டுக்காரன் என்று கேட்பதில்லை. சாரத்திலிருந்து விழுந்தால் இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டமும் கேட்பதில்லை. புகார் எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். புகார் கொடுத்தால் நான்கு இடத்தில் பெயர் எழுதப்படும், முகாம்களைக் கண்காணிக்கும் போலீஸ் பிரிவான கியூ பிராஞ்ச் வரை விசாரணை போகும், பிறகு மகளுக்கு ஏதாவது சான்றிதழ் வாங்கப் போனால் அதையும் கேட்பார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு சரியா தவறா என்பதைவிட, அப்படி ஒரு கணக்கு அவர் மனத்தில் ஓடும் என்பது கான்ட்ராக்டருக்கும் தெரியும் என்பதுதான் முக்கியம். அமெரிக்காவில் இதை நீதிமன்றமே எழுத்தில் வைத்திருக்கிறது: அனுமதியின்றி வேலை பார்த்தவர், தொழிற்சங்கத்தை ஆதரித்ததற்காக முறைகேடாக நீக்கப்பட்டிருந்தாலும், நீக்கப்பட்ட காலத்துக்கான சம்பளத்தைக் கேட்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. இங்கே தீர்ப்பு தேவைப்படவில்லை.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த ஒரு பையன் இதே கட்டத்தில் வந்து நின்றபோது, “ஆதார் இருக்கிறதே, ‘இந்தியன்’ என்றே போட்டுவிடலாம்” என்று நானே மவுஸை அழுத்தினேன். ஆதார் என்பது இங்கே வசிப்பவர் என்பதற்கான அடையாளமே தவிரக் குடியுரிமைச் சான்று இல்லை என்பது அன்றும் எனக்குத் தெரியும். விண்ணப்பம் நகர்ந்தால் போதும் என்று நினைத்தேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை கிடைத்தது. ஐந்தாவது மாதம் ஆவணச் சரிபார்ப்பில் வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ கேட்டார்கள். அவன் உள்ளதைச் சொன்னான். இலங்கைத் தமிழன் என்பதற்காக இல்லை, பொய்யான விவரம் கொடுத்ததற்காக நீக்குகிறோம் என்றார்கள். பொய் என் கையால் நிரப்பப்பட்டது, வேலை போனது அவனுக்கு. அவனும் இப்போது பெயிண்டிங் வேலைதான் பார்க்கிறான். ஜெராக்ஸ் எடுக்க வேறு கடைக்குப் போகிறான்.

இதில் இவ்வளவு தூரம் நான் தலையிடுவதற்கு வீட்டுக் காரணம் ஒன்று உண்டு. என் தாத்தா 1965-இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். பர்மாவில் ராணுவ ஆட்சி கடைகளைத் தேசியமயமாக்கிய பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு துறைமுகத்தில் நின்ற அவரை அரசு ‘தாயகம் திரும்பியவர்’ என்று எழுதிக்கொண்டது. அந்த ஒரு சொல்லால் அவருக்குத் தொழில் கடன் கிடைத்தது, வியாசர்பாடியில் குடியிருக்க இடம் கிடைத்தது. அவரைப் போன்றோர் பலர் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரில் கடை போட்டார்கள். இலங்கையிலிருந்தும் 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்த, முன்பு இங்கிருந்து தோட்ட வேலைக்குப் போன குடும்பங்களின் வழிவந்த மலையகத் தமிழர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும், நீலகிரியில் அரசின் ‘டான்டீ’ தேயிலைத் தோட்டங்களில் வேலையும் கொடுக்கப்பட்டன. அதே மலையகத்தில் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்கள், 1983 கலவரத்துக்குப் பின் படகில் வந்ததால் அகதி என்று எழுதப்பட்டார்கள். அவர்கள் தொடுத்த வழக்கில், குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி மதுரைக் கிளை 2019-இல் உத்தரவிட்டது. கப்பலில் வந்தவரும் படகில் வந்தவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தும், யார் எந்தப் பதிவேட்டில் எழுதப்பட்டார் என்பது பேரன் பேத்தியின் வேலைவரை முடிவுசெய்கிறது. என் கட்டத்தில் நான் யோசிக்காமல் ‘இந்தியன்’ என்று அழுத்துகிறேன்.

மாநில அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய்க்குத் திட்டங்களை அறிவித்தார்கள். குடும்பத் தலைவருக்கான உதவித்தொகை 1500 ரூபாய் ஆனது, 7469 வீடுகள் கட்டித் தருவதாகச் சொன்னார்கள், ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. ஆனால் குடியுரிமை ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் இருக்கின்றன, இலங்கை இல்லை. அந்த மூன்று நாட்டுச் சிறுபான்மையினருக்கு நீண்டகால விசா கொடுத்து, சொந்தத் தொழில் தொடங்கவும் வங்கிக் கணக்கு வைக்கவும் 2016-இலேயே வழிசெய்துவிட்டார்கள். ஆக, மனம் வைத்தால் வேலைக்கான கதவைத் தனியாகத் திறக்க முடியும் என்பது தெரிகிறது.

2025 செப்டம்பர் 1 முதல் பழைய வெளிநாட்டவர் சட்டம் உள்ளிட்ட நான்கு சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய குடியேற்றச் சட்டம் வந்தது. அதன்கீழ் வெளியான ஆணையில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துள்ள இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாதது தொடர்பாக விலக்கு அளித்திருக்கிறார்கள். இது பெரிய நிம்மதி. இருந்தாலும் அது தண்டனையிலிருந்து விலக்குத்தானே தவிர, வேலைக்கான அனுமதிச் சீட்டு இல்லை. விண்ணப்பத்தில் சிவப்பு நட்சத்திரத்துக்கு எதிரே தட்டச்சு செய்ய ஓர் எண்ணை அது தரவில்லை.

அந்த ஆணையின் நகலை இப்போது கடையில் எடுத்து வைத்திருக்கிறேன். முகாமிலிருந்து யாராவது வேலைக்கு விண்ணப்பிக்க வந்தால், ஆன்லைன் படிவத்தை விட்டுவிட்டு, நிறுவனத்துக்கு நேராக ஒரு மின்னஞ்சல் எழுதித் தருகிறோம்: இவர் இன்னார், இன்ன முகாமில் பதிவானவர், ஆதாரும் வங்கிக் கணக்கும் உண்டு, பாஸ்போர்ட் இல்லாததற்கான காரணம் இது, ஆணையின் நகல் இணைப்பில் உள்ளது. இதற்குக் காசு வாங்குவதில்லை. இதுவரை அனுப்பிய பதினான்கில் இரண்டுக்குப் பதில் வந்தது. ஒன்று மறுப்பு. இன்னொன்று அம்பத்தூரில் ஒரு சிறிய கணக்குத் தணிக்கை அலுவலகத்திலிருந்து, அந்தப் பெண்ணை அசல் சான்றிதழ்களோடு சனிக்கிழமை நேரில் வரச் சொல்லி. சனிக்கிழமை முகாமில் செக்கிங் என்பதால், திங்கட்கிழமை வரலாமா என்று கேட்டு இன்று காலை இன்னொரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறோம்.